கரும்புப்பாகுக்கு ஒரு ஷரத்து

லண்டனுக்குப் போன அமெரிக்கத் தூதர் இங்கிலாந்து அரசரோடு செய்துகொண்டு வந்த உடன்படிக்கை, பாஸ்டன் பத்திரிகையில் அச்சாகி எங்கள் ஹேலட் துறைக்கு வந்து சேர்ந்த அன்று, ஊரில் இருந்த பால் அத்தனையும் திரிந்துபோயிற்று. கோபத்தினால்தான். ஜூலை வெயில் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் உடன்படிக்கையை ஆதரிக்கிற கட்சி. வேறு எப்படிச் சொல்வார்கள்.

ஊர் நடுவாகப் பிளந்தது. அரசனை ஒழித்துக் குடியரசாகிவிட்ட பிரான்சுதான் நமக்கு உறவு என்றவர்கள் தொப்பியில் மூவண்ண நாடா குத்திக்கொண்டார்கள். விடுதலைப் போர் முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இனி இங்கிலாந்தோடு சமாதானமாக வியாபாரம் செய்வோம் என்றவர்கள் நாடா எதுவும் குத்தாமல் மூக்கை மட்டும் உயர்த்திக்கொண்டு நடந்தார்கள். நாய்கள்கூடக் கட்சி பிரிந்தன. மூப்பர் ஹோவ்ஸின் நாய், எதிர்க்கட்சி வீட்டு எலும்பை ஒருமுறை மோந்துவிட்டு மானத்தோடு திரும்பிப் போனதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

கெசியா பிங்கம் எந்தக் கட்சியிலும் இல்லை. கடற்கரையில் மரச்சட்டம் கட்டிக் காட் மீனைக் காயவைக்கிறவள் அவள். புருஷனைக் கடல் கொண்டுபோயிற்று. ஒரே மகன் ஆசாவை இங்கிலாந்துக் கடற்படை கொண்டுபோயிற்று. கடலோடு சண்டை போட முடியாது என்று முதலாவதைப் பொறுத்துக்கொண்டாள்.

பிரான்சோடு போரில் இருந்த இங்கிலாந்துக்குக் கப்பலில் ஆள் போதவில்லை. நடுக்கடலில் நம் கப்பலை மறிப்பார்கள். மாலுமிகளை வரிசையாக நிற்க வைப்பார்கள். தோள் திரண்டவனாகப் பார்த்து, 'நீ இங்கிலாந்தில் பிறந்தவன், எங்கள் அரசரின் குடி' என்று சொல்லி இழுத்துக்கொண்டு போவார்கள். ஆசாவுக்குத் திரண்ட தோள். பிறந்தது மட்டும் ஹேலட் துறையில்.

பத்திரிகை வந்த மூன்றாம் நாள் காலையில் கேப்டன் பேங்ஸ், இங்கிலாந்துக் கடற்படையின் துறைமுகமான ஹாலிஃபாக்ஸிலிருந்து தன் மீன் கப்பலில் திரும்பியிருந்தார். நேராகக் கெசியாவிடம் வந்தார்.

"ஒம் மகனப் பாத்தேன் கெசியா. அங்க ஒரு போர்க்கப்பல்ல பாய் கட்டிக்கிட்டிருந்தான். இளைச்சுட்டான். ஆனா இருக்கான்."

கெசியா கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கப்பல் கேப்டன்கிட்ட பேசிப் பாத்தேன். இந்த ஊர்ல பொறந்தவன்தான்னு ரெண்டு பேரு மாஜிஸ்டிரேட் முன்னால சத்தியம் பண்ணி, முத்திரை வெச்ச காயிதம் கொண்டா, விட்டுடறேங்கறான்."

"பொறப்புப் பதிவேட்டத்தான் அவனுங்களே சண்டையில கொளுத்திட்டுப் போனானுங்களே."

"அதையும் சொன்னேன். அப்படின்னா சாட்சி ரொம்ப அவசியங்கறான்." பேங்ஸ் துப்பினார். "ஆனா நேரமில்ல. அந்தக் கப்பல் மெட்ராஸுக்குக் கெளம்பப்போவுது. அங்க போயிட்டா எந்த வருஷம் திரும்புமோ. நான் இன்னிக்கு ஏத்தறத ஏத்திக்கிட்டு, பொழுது சாஞ்சு தண்ணி ஏறி வர்ற ஓதத்துலயே ஹாலிஃபாக்ஸுக்குத் திரும்பறேன். அதுக்குள்ள காயிதம் வந்தாத்தான் உண்டு."

கெசியா கையைக்கூடக் கழுவாமல் சாதோக் க்ரோவெலின் சத்திரத்துக்கு நடந்தாள்.

சத்திரத்தில் ஊரில் பாதி இருந்தது, நாடா குத்திய பாதி. சத்திரக்காரர் சாதோக் பத்திரிகையைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து நாளுக்கு நாலு ஷரத்து வீதம் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். தலையில் கட்டிக்கொண்டு தூங்கும் குல்லாயிலும் மூவண்ண நாடா தைத்திருக்கிற மனிதர் அவர்.

"பன்னெண்டாவது ஷரத்து. மேற்கிந்தியத் தீவுக்கு நம்ம கப்பல் போகலாமாம். ஆனா எழுபது டன்னுக்குப் பெரிய கப்பல் கூடாதாம்."

"எழுபதா?" என்றார் பீப்பாய் செய்கிற பேலேக் ஸ்னோ. "எங்க மாமியா ஏறினாலே முழுகிடுமேப்பா."

"சிரிக்காத பேலேக்கு. மிச்சத்தையும் கேளு. அங்கேருந்து கொண்டாற கரும்புப்பாகை நாம வேற நாட்டுக்கு ஏத்தக்கூடாதாம்."

இரண்டு பேர் பெஞ்சியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். எங்கள் ஊரில் பாகு என்றால் ரம், சனிக்கிழமைப் பீன்ஸ், பேலேக்கின் பீப்பாய், பிரசங்கத்துக்கு முந்தி பாதிரியார் தொண்டைக்கு விட்டுக்கொள்கிற ஒரு கரண்டி. ஒரு மனிதனுடைய பாகில் கைவைத்தால் எங்கள் ஊர் மன்னிக்காது.

கெசியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். மீன் வாடைக்கு வழி தானாக உண்டாயிற்று.

"சாதோக் அண்ணே. எம் மகன் எந்த ஷரத்துல வர்றான்?"

"எது?"

"மாலுமிங்களப் புடிச்சுக்கிட்டுப் போறாங்களே. அத நிறுத்தணும்னு எங்க எழுதியிருக்கு? அத வாசிங்க."

சாதோக் பக்கத்தைப் புரட்டினார். உதடு மட்டும் அசைய முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு, அச்சுப்பிழையாக எங்காவது ஒதுங்கியிருக்குமோ என்று விளம்பரங்களையும் பார்த்தார்.

"இல்ல கெசியா."

"ஒரு வரிகூடவா?"

"தோல் வியாபாரம் இருக்கு. ஆத்துல படகு விடறது இருக்கு. மாலுமி இல்ல."

"பாகுக்கு ஒரு ஷரத்து இருக்கு. எம்புள்ளைக்கு இல்ல."

"அதத்தானே நாங்களும் கேக்கறோம்," என்று சாதோக் பத்திரிகையை மேசைமேல் அறைந்தார். "அதுக்குத்தானே சாயந்தரம் தூதரோட கொடும்பாவி. பேலேக்கு பட்டறையில தயாரா ஒக்காந்திருக்கு. தலைக்குச் சின்ன பீப்பாய், முடிக்கு ஆட்டு ரோமம், நெஞ்சுக்கு மூணு கட்டு வைக்கோல். பாத்தேன்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டுத்தான் திட்டுவ."

"கும்பிடறது அப்புறம். இப்ப நீங்களும் பேலேக் அண்ணனும் எங்கூட மாஜிஸ்டிரேட் லாத்ரப் ஐயா வீட்டுக்கு வந்து ஒரு சத்தியம் பண்ணுங்க." பேங்ஸ் சொன்னதை அவள் சொன்னாள். "ஆசா பொறந்தது இந்தச் சத்திரத்து மாடியிலதான். பெரும்பனியில புருஷனத் தேடி வந்த எடத்துல வலி எடுத்துடுச்சு. மருத்துவச்சி செத்துட்டா. பாத்தவங்க நீங்க ரெண்டு பேருதான் இருக்கீங்க."

பேலேக் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "அந்தக் கப்பல் எங்க போவுதுன்ன?"

"மெட்ராஸுக்கு."

"அது எங்க இருக்கு?"

"பாஸ்டனுக்கு அந்தாண்ட," என்றார் யாரோ, விவரம் தெரிந்தவர்.

"தூரம்தான்," என்று பேலேக் வருத்தப்பட்டார். "ஆனா லாத்ரப் வீட்டுக்கு வரமுடியாது கெசியா. நேத்து தீர்மானம் எழுதி, எல்லாரும் கையத் தூக்கிக் கர்த்தர் முன்னால சத்தியம் பண்ணிட்டோம். உடன்படிக்கை கிழியறவரைக்கும் அத ஆதரிக்கறவன் வீட்டு வாசப்படிய மிதிக்கறதில்ல. அவங்கள நம்ம வாசப்படிய மிதிக்க விடறதுமில்ல."

இதை ஒரு சாக்கு என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. சுங்கச் சட்டத்தை எங்கள் ஆட்கள் காலைப் பலகாரத்துக்கு முன்பே மீறுவார்கள். சத்தியத்தை மீறியவன் கிடையாது. இனி ஷூ போடமாட்டேன் என்று சத்தியம் செய்த ஒருவர் முப்பது பனிக்காலம் வெறுங்காலோடு நடந்து, கடைசியில் குளம்பு முளைத்துச் செத்தார்.

"வேற மாஜிஸ்டிரேட் இருந்தா சொல்லு, இப்பவே வர்றோம்," என்றார் சாதோக்.

வேறு மாஜிஸ்டிரேட் இருந்தது வளைகுடாவுக்கு அந்தப் பக்கம். காற்று செத்துக் கிடந்தது, சாயந்தரத்துக்குள் படகில் போய்த் திரும்ப முடியாது.

"அப்ப எம்புள்ள?"

"அவனுக்காகத்தான் கொளுத்தறோம்."

"அண்ணே, அங்க அவனக் கட்டி வெச்சிருக்கறவன் ஒங்க தீயப் பாத்துட்டா அவுத்து விடப்போறான்?"

தூதரைத் தீர்மானத்தில் 'துரோகி' என்று எழுதுவதா 'மகாதுரோகி' என்று எழுதுவதா என்பதில் பின்பக்கம் சண்டை தொடங்கியிருந்தது.

கெசியா மாஜிஸ்டிரேட் லாத்ரப்பின் வீட்டுக்கு நடந்தாள். சமையற்கட்டு வழியாகத்தான் போனாள். மீன்காரிகளுக்கு அதுதான் வழி. லாத்ரப் குளிர்ந்த பன்றித்தொடையும் பச்சைப் பட்டாணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடன்படிக்கையைப் பற்றி அவருக்கு அபிப்பிராய பேதமே கிடையாது. அவர் தூதரின் முதுகை ஒருதடவை பாஸ்டனில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அந்த முதுகின் கம்பீரத்தை விவரிக்க ஆரம்பித்தால் விருந்துக்கு வந்தவர்கள் பசியாறாமலேயே எழுந்து போவார்கள்.

"சாட்சி என் முன்னால ஆஜராகணும்மா," என்றார். "அது சட்டம். வந்தா எழுதிக் குடுக்கறேன்."

"வரமாட்டேங்கறாங்க ஐயா. நீங்க சத்திரத்துப் பக்கம் ஒரு எட்டு வந்தீங்கன்னா..."

"அந்தக் கலகக் கும்பல் மத்தியில நானா? பதவிக்கு ஒரு மரியாதை இருக்கு." ஒரு பட்டாணியை முள்கரண்டியால் குத்தினார். "அதோட, நீ கொஞ்சம் யோசிக்கணும். இப்பத்தான் ரெண்டு நாடும் சிநேகமாயிருக்கு. இந்த நேரம் பாத்து அவங்க கடற்படையக் குத்தம் சொல்ற மாதிரி ஒரு காயிதம்..."

"சிநேகிதன் வீட்டுலதான் புள்ளையத் திருடுவாங்களாய்யா?"

"திருட்டுன்னு சொல்லப்படாது. ராஜதந்திரத்துல அதுக்கு வேற வார்த்தை இருக்கு."

"என்ன வார்த்தை?"

லாத்ரப் யோசித்தார். பட்டாணியை விழுங்கினார். "இன்னும் முடிவாகல. பேசிக்கிட்டிருக்காங்க."

கெசியா வெளியே வந்தாள். அவளுக்குள் என்னவோ கொதித்து, கொதித்து, ஒரேயடியாக அடங்கிப் போயிற்று. அவள் அழுதிருந்தால் ஊருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

கரையில் மீன் ஏற்றும் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு பேலேக்கின் பட்டறைக்குப் போனாள். பட்டறையில் யாருமில்லை. தூதர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பைக் கட்டித் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், கடைத்தெரு வழியாகவே தள்ளினாள். பேலேக் நல்ல வேலைக்காரர். பார்வை மங்கிய மூப்பர் ஹோவ்ஸ் எதிரே வந்து தொப்பியைத் தூக்கி, "பிரயாணம் சுகமா?" என்று விசாரித்தார். பதில் வராததால் பெரிய இடத்து ஆள்தான் என்று முடிவு செய்துகொண்டு போனார்.

லாத்ரப் வீட்டு வேலைக்காரி டார்க்கஸ் பின்கதவைத் திறந்தாள்.

"யாருக்கா இவரு?"

"ஐயாவுக்கு விருந்தாளி."

"சாப்பிட்டாரா?"

"வைக்கோல் போட்டுத்தான் கூட்டியாந்தேன்."

டார்க்கஸுக்கு அண்ணன் ஒருவன் கடலில் இருந்தான். ஒன்றும் கேட்காமல் காலைப் பிடித்துத் தூக்கினாள். இரண்டு பேருமாகத் தூதரை முன்கூடத்து ஜன்னலோரம், லாத்ரப்பின் சாய்வு நாற்காலியில், முதுகு உள்கதவைப் பார்க்க உட்காரவைத்தார்கள்.

சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கூடத்துக்கு வந்த லாத்ரப் கதவண்டையிலேயே நின்றுவிட்டார். அந்த முதுகு. சந்தேகமே இல்லை. கவிழ்ந்திருந்த பொய்முடியை அவசரமாகச் சரிசெய்துகொண்டு, இடுப்புவரை குனிந்தார்.

"ஐயா எப்ப வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தா..."

"மெதுவாப் பேசுங்க ஐயா," என்றாள் மூலையிலிருந்து கெசியா. "நீங்க மூச்சு விட்டா வைக்கோல் உதிருது."

அடுத்த கால் மணி நேரம் லாத்ரப் பட்ட பாட்டை எதிரிக்கும் விரும்பமாட்டோம். கொடும்பாவியை வீட்டில் வைத்திருக்க முடியாது. தெருவில் எறியவும் முடியாது. உடன்படிக்கைக் கட்சித் தலைவர் தூதரின் உருவத்தைத் தன் கையாலேயே வெளியே தள்ளினார் என்று பாஸ்டன் பத்திரிகையில் வந்தால் அப்புறம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. டார்க்கஸைத் தூக்கச் சொன்னார். டார்க்கஸுக்கு அன்று பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதற்குள் பொழுது சாய்ந்தது. தெருக்கோடியில் முரசு கேட்டது. வண்டி போன வழியை விசாரித்துக்கொண்டு, தீவட்டிகளோடு ஊரில் பாதி வந்துகொண்டிருந்தது.

வந்தவர்கள் வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் டக்கென்று நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்கள்மேல் மோதினார்கள். ஆனாலும் ஒரு கால்கூடப் படியில் படவில்லை.

கெசியா ஜன்னலை மேலே தள்ளித் திறந்தாள்.

"கெசியா," என்றார் சாதோக், "அந்த ஆளக் குடு."

"உள்ள வந்து எடுத்துக்கங்க."

"வெளையாடாத. ஊரே காத்துக்கிட்டிருக்கு."

"ஊரு ஒரு சாயந்தரமாத்தான் காத்திருக்கு. நான் ஒன்றரை வருஷமாக் காத்திருக்கேன்." அவள் குரல் உயரவில்லை. "பாகுன்னதும் ஒங்க எல்லாருக்கும் ரத்தம் கொதிச்சுது. நல்லது. எம்புள்ள பேரச் சொன்னதும் வாசப்படி ஞாபகம் வந்துடுச்சு. இவருக்கு," என்று உள்பக்கம் கையைக் காட்டினாள், "பதவி ஞாபகம் வந்துடுச்சு. ரெண்டு கட்சிக்கும் நடுவுல ஒரு நிலைப்படி. அதத் தாண்ட ஒரு ஆம்பள இந்த ஊர்ல இல்ல. சரி. தாண்ட வேணாம். ஒங்க தீர்மானத்துல ஜன்னல் இருக்கா?"

சாதோக் தீர்மானத்தைத் தீவட்டி வெளிச்சத்தில் பிரித்தார். நாலு தலைகள் குனிந்தன. வாசற்படி இருந்தது. பின்வாசற்படியும் இருந்தது. நிலவறைப் படியைக்கூட முன்யோசனையோடு சேர்த்திருந்தார்கள்.

"ஜன்னல் இல்ல," என்றார் பேலேக், ஒரு மாதிரி நிம்மதியோடு.

"ஐயா, சாட்சி ஒங்க முன்னால நிக்கணும்னுதானே சட்டம்? நிக்கறாங்க."

"ஜன்னல் வழியா சாட்சி வாங்கினதா எங்கேயும் வழக்கமில்ல," என்று லாத்ரப் இருட்டில் இருந்தபடி சொன்னார்.

"அப்பச் சரி. தூதர் இங்கயே தங்கட்டும். இவங்களும் இங்கயே நிக்கட்டும், கையில தீவட்டியோட. உள்ள மூணு கட்டு வைக்கோல் இருக்கு."

லாத்ரப் மைக்கூட்டைத் தேடினார்.

சாதோக் தொப்பியைக் கழற்றி வலதுகையை உயர்த்தினார். வேதப்புத்தகத்தை முத்தமிடுவது இங்கிலாந்துக்காரன் பழக்கம். எங்கள் பக்கத்தில் கை உயர்ந்தால் போதும், வானத்துக்கே தெரியும்.

"ஆசா பிங்கம் எங்க சத்திரத்து மாடி ரூம்ல பொறந்தான். பெரும்பனி பெஞ்ச ராத்திரி. பீப்பாய்ல ரம் ஒறைஞ்சு கட்டியாக் கெடந்துச்சு. அவன் போட்ட மொத அழுகையில கீழ அத்தனையும் உருகிப்போச்சு."

"ரம் எழுத வேண்டியதில்ல," என்றார் லாத்ரப், எழுதிக்கொண்டே.

"நடந்ததச் சொல்றேன்."

பேலேக் கையை உயர்த்தினார். "தொட்டில் நான்தான் செஞ்சேன். பாகுப் பீப்பாய நெட்டுக்க ரெண்டா அறுத்து. மூணு வயசு வரைக்கும் அந்தப் பையன எங்க விட்டாலும் தேனீக் கூட்டம் கொண்டாந்து விட்டுடும். இதையும் வேணாமா?"

"வேணாம்."

லாத்ரப் கையெழுத்துப் போட்டு, அரக்கு உருக்கி, முத்திரையை அழுத்தினார். முத்திரை கோணலாக விழுந்தது என்று ஒரு கட்சி சொல்லும். இல்லை என்று இன்னொரு கட்சி சொல்லும். கெசியா காகிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். தூதரை ஜன்னல் வழியாகத் தலைகீழாக இறக்கினாள். ஊர் ஆரவாரம் செய்தது.

அவள் அதைப் பார்க்க நிற்கவில்லை. துறைக்கு ஓடினாள். ஓதம் ஏறி, பேங்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கடற்கரையில் தீ எழுந்தது. அந்த வெளிச்சத்தில்தான் பேங்ஸ் முத்திரையைச் சரிபார்த்தார் என்பதால், கொடும்பாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆப்பிள் பழுக்கிற சமயத்தில் ஆசா வந்தான். போர்க்கப்பல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது காகிதம் போய்ச் சேர்ந்ததாம்.

சாதோக் சத்திரத்தில் விருந்து வைத்தார். கோப்பையைத் தூக்கிப் பிடித்து, ஹேலட் துறைத் தீ ஹாலிஃபாக்ஸ் வரை தெரிந்ததாகவும், அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்துக் கேப்டன் வெலவெலத்துப் பையனை விட்டான் என்றும் சொன்னார். கோப்பைகள் மோதின. அதே சமயம் லாத்ரப் தன் வீட்டில், இது உடன்படிக்கையால் விளைந்த முதல் நன்மை என்று விருந்தினரிடம் சொல்லிக்கொண்டிருந்ததாக டார்க்கஸ் வந்து சொன்னாள்.

ஆசா நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை. பெஞ்சியின் நுனியில், முதுகு எதிலும் படாமல் உட்கார்ந்திருந்தான். பேலேக் மட்டும்தான் கேட்டார்.

"முதுகுல என்னடா?"

"நான் அமெரிக்காக்காரன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவை சொன்னதுக்கும் சவுக்கால ஒரு டஜன்."

பேலேக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னும் அஞ்சு பேரு இருக்காங்க," என்றான் ஆசா. "எல்லாம் இந்தக் கரை ஊருங்கதான். ஒருத்தன் காயிதத்த எங்கிட்டேருந்து வாங்கி, அதத் தொட்டுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தான்."

சாதோக்கின் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது, அவர் நல்ல மனிதர். எழுந்து நின்று மேசையைத் தட்டினார்.

"விடமாட்டோம். அந்த அஞ்சு பேருக்காக, இதவிட ரெண்டு மடங்கு பெரிசா ஒரு கொடும்பாவி செய்வோம்."

சத்திரம் அதிர்ந்தது. உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது. அந்த ஐந்து பேரின் பெயரை யாரும் கேட்கவில்லை.

கெசியா மகனின் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டாள்.

"சாப்பிடுடா. சாப்பிட்டுட்டு அவங்க பேரையும் ஊரையும் ஒன்னொன்னாச் சொல்லு. காலைல கெளம்பணும். அவங்க அம்மாக்களப் பாத்து, யாருகிட்ட சாட்சி வாங்கணும்னு சொல்லிட்டு வரணும். கப்பல் மெட்ராஸுக்கே போனாலும் காயிதம் பின்னாலயே போவும்."

"இத்தன ஊருக்கும் நடந்தாம்மா?"

"நடந்துதான்," என்றாள் கெசியா. "வண்டியெல்லாம் இவங்களுக்கு வைக்கோல் ஏத்த வேணுமாம்."